பில்பாவோவை மீட்டது எது: டைட்டானியமா, சாக்கடைக் குழாயா?

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோ நகரம் என்றதும் குகன்ஹைம் அருங்காட்சியகம்தான் நினைவுக்கு வருகிறது. ஃபிராங்க் கெரி வடிவமைத்து 1997 அக்டோபரில் திறக்கப்பட்ட, டைட்டானியத் தகடு போர்த்திய அந்தக் கட்டடம் தனியாளாக ஒரு நகரத்தைத் தூக்கி நிறுத்தியதாக ஊர் ஊராகப் பேசுகிறார்கள். அதே காலத்தில் நடந்த இன்னொரு வேலையை, ஆற்றைச் சுத்தம் செய்து மெட்ரோ ஓட்டியதை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். பில்பாவோவைச் சுற்றிய மலைகளில் கிடைத்த இரும்புத்தாதுவில் பாஸ்பரஸ் குறைவு. பெசமர் முறையில் எஃகு காய்ச்ச அது தோதாக இருந்ததால் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் கப்பல் கப்பலாக அள்ளிச் சென்றது. அந்தப் பணத்தில் உள்ளூரிலேயே உலைகளும் கப்பல் தளங்களும் எழுந்தன. நெர்வியோன் ஆறு அவற்றின் கழிவுநீர்க் கால்வாயானது. பிறகு சரிவு: 1983 ஆகஸ்டில் பெருவெள்ளம், 1988இல் எயுஸ்கால்டுனா கப்பல் தளம் மூடல். 1902இல் உருவான ஆல்டோஸ் ஓர்னோஸ் எஃகு ஆலையின் உலைகள் 1996இல் அணைந்தன.

ஆலைகள் மூடப்படும் ஊரில் அருங்காட்சியகமா என்று 1990களின் தொடக்கத்தில் பலர் கொதித்ததில் நியாயம் இருந்தது. கட்டடச் செலவும் கலைப்பொருள் வாங்கும் செலவும் பாஸ்க் நிர்வாகங்களின் தலையில் விழுந்தன. போதாததற்கு, நியூயார்க்கின் குகன்ஹைம் அறக்கட்டளைக்கு 2 கோடி டாலர் கட்டணம் வேறு. ஆனால் முதல் ஆண்டிலேயே சுமார் 13 லட்சம் பேர் வந்தார்கள். அதுவரை ஆலைப் புகைக்கும் பாஸ்க் பிரிவினைவாதிகளின் குண்டுவெடிப்புக்கும் மட்டுமே செய்திகளில் அடிபட்ட ஊருக்கு வேறொரு முகம் கிடைத்தது. குழாய் பதித்து இதைச் சாதித்திருக்க முடியாது. இந்த ஒரு சுற்றில் குகன்ஹைமுக்கே வெற்றி.

மற்ற சுற்றுகளில் நான் குழாயின் பக்கம். ஆற்றுக்கான கழிவுநீர்த் திட்டம் 1979இலேயே தீட்டப்பட்டது; செஸ்தாவோவில் கலிந்தோ சுத்திகரிப்பு நிலையம் 1990இல் இயங்கத் தொடங்கியது. அருங்காட்சியகத்தைவிடப் பல மடங்கு செலவு. ஆனால் சாக்கடைக்கு முன்னால் நின்று யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? நாறும் ஆற்றங்கரையில் டைட்டானியம் எவ்வளவு மின்னினாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

இடமும் தானாகக் கிடைத்துவிடவில்லை. துறைமுகம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு நகர்ந்ததால்தான் நகரின் நடுவே அபாந்தோயிபார்ராவில் நிலம் காலியானது. 1992இல் ஸ்பெயின் அரசும் பாஸ்க் நிர்வாகங்களும் சரிபாதியாகச் சேர்ந்து தொடங்கிய ‘பில்பாவோ ரியா 2000’ நிறுவனம், நிலத்தைச் சீராக்கி விற்று, வந்த பணத்தை அடுத்த வேலையில் போட்டது. நோர்மன் ஃபோஸ்டர் வடிவமைத்த மெட்ரோ நிலையங்கள் 1995 நவம்பரில் திறக்கப்பட்டன; கண்ணாடி வாயில்களை ஊர்க்காரர்கள் செல்லமாக ‘ஃபோஸ்டரிட்டோ’ என்கிறார்கள். 2002இல் இரண்டாவது தடம் ஆலைத் தொழிலாளர் வாழும் இடது கரைக்குப் போனது. வேலையிழந்த குடும்பங்களுக்குக் குகன்ஹைமைவிட இது நெருக்கமான பயன் என்பது என் கணிப்பு.

நட்சத்திரக் கட்டடக்கலை என்றாலே வெற்றி என்பதும் இல்லை. அதே 1997இல் திறந்த கட்டடக்கலைஞர் கலத்ராவாவின் சுபிசூரி நடைப்பாலத்தின் கண்ணாடித் தளம் மழையில் வழுக்கியது. பில்பாவோவில் மழைக்கா பஞ்சம்! கடைசியில் மேலே விரிப்பு போட வேண்டியதாயிற்று.

இந்த ஊரைப் பார்த்து அருங்காட்சியகம் கட்ட நினைக்கும் நகரங்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1981இல் மீட்கப்பட்ட பொருளாதார ஒப்பந்தத்தின்படி பாஸ்க் மாகாணங்கள் தங்கள் வரியைத் தாங்களே வசூலித்து, மத்திய அரசுக்கு உரிய பங்கை மட்டும் கொடுக்கின்றன. குழாய், மெட்ரோ, குகன்ஹைம் மூன்றையும் ஒரே காலத்தில் தொடும் துணிச்சலுக்குப் பின்னால் அந்தச் சொந்தக் கஜானா இருந்தது. அது இல்லாத ஊருக்கு என் பரிந்துரை: முதலில் சாக்கடை, பிறகு ரயில். கெரியைப் போன்றவர்களை அதற்கப்புறம் அழைத்துக்கொள்ளலாம்.