ஏர் ஸ்பிரிங்கை சிமுலேஷனில் எழுத நான்கு வழிகள்: எதை எப்போது எடுப்பது?

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018-ல் உருவான ‘டிரெயின் 18’, அதாவது இன்றைய வந்தே பாரத், பெட்டியின் எடையை போகியின் (சக்கரங்கள் பொருந்திய அடிச்சட்டத்தின்) மேல் ஏர் ஸ்பிரிங்கில்தான், அதாவது காற்று அடைத்த ரப்பர் பையில்தான், தாங்குகிறது. இரும்புச் சுருளுக்கு ஒரே விறைப்பு எண் (இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு விசை என்பது) போதும். காற்றுக்கு அது போதாது. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் மாடல்கள் பிரிகின்றன.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்பிரிங்கின் மேல் 10 டன் சுமை, பயனுறு பரப்பு (காற்றழுத்தம் சுமையைத் தாங்கும் பரப்பு) 0.2 சதுர மீட்டர். உள்ளே 5 பார் அழுத்தம். வளிமண்டலத்தையும் சேர்த்தால் 6 பார். பெல்லோஸ் எனும் ரப்பர் பை 30 லிட்டர், துணைத் தொட்டி 60 லிட்டர். இரண்டையும் 2 மீட்டர் நீளம், 50 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் இணைக்கிறது.

முதல் வழி, ஒரு ஸ்பிரிங்கும் அதிர்வை அடக்கும் ஒரு டேம்பரும் பக்கத்தில் பக்கத்தில். எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் எந்த எண்ணைப் போடுவது? மெதுவாக அழுத்தினால் 90 லிட்டர் காற்றும் வெப்பநிலை மாறாமல் வேலை செய்யும். விறைப்பு மீட்டருக்கு 267 கிலோநியூட்டன். வேகமாக அழுத்தினால் காற்று குழாயைத் தாண்டிப் போக நேரமில்லை. சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது சூடேறுவதுபோல இங்கும் வெப்பம் வெளியேறாது. அப்போது 30 லிட்டர் மட்டுமே ஸ்பிரிங்; விறைப்பு 1,120. நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். பெட்டியின் துள்ளல் அதிர்வெண் 0.8 ஹெர்ட்ஸா, 1.7 ஹெர்ட்ஸா என்பதே இந்த ஒரு எண்ணைப் பொறுத்து மாறிவிடும். ஆரம்பக்கட்ட டிசைனுக்குச் சரி, அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, ஜப்பானில் ஓடா, நிஷிமுரா இருவரும் 1970-ல் கொடுத்த வடிவம். பெல்லோஸ், தொட்டி இரண்டுக்கும் தனித்தனி ஸ்பிரிங். நடுவே இருக்கும் ஆரிஃபிஸுக்கு (குறுகிய துளைக்கு) ஒரு லீனியர் டேம்பர்; அதன் தடை வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். குறைந்த அதிர்வெண்ணில் மென்மை, மேலே போனால் விறைப்பு, இடையில் டேம்பிங் உச்சம் என எல்லாம் தானாக வந்துவிடும். போகி சட்டமோ, அதன் மேல் பெட்டியைத் தாங்கும் குறுக்கு உத்தரமான போல்ஸ்டரோ தொட்டியாகவே அமைந்து, ஆரிஃபிஸ் நேராக அதற்குள் திறந்தால் இதுவே போதும். லீனியர் என்பதால், இயல் அதிர்வெண்களைத் தரும் ஐகன்வேல்யூ கணக்கும் எளிது.

நடுவில் நீளமான குழாய் வந்ததும் இது சறுக்குகிறது. நம் குழாயில் இருக்கும் காற்றின் எடை வெறும் 27 கிராம். ஆனால் ஸ்பிரிங்கின் பரப்பு குழாயின் பரப்பைப்போல் சுமார் 100 மடங்கு. மேலே 1 மி.மீ. அசைந்தால் குழாய்க்குள் காற்று அதைவிடப் பல மடங்கு தூரம் ஓட வேண்டும். பரப்பு விகிதத்தின் வர்க்கத்தையும், மொத்தக் கொள்ளளவில் தொட்டியின் பங்கின் வர்க்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால், அந்த 27 கிராம் மேலே சுமார் 125 கிலோவாக நிற்கிறது! இதன் ரெசொனன்ஸ் (ஒத்ததிர்வு) 12 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதை நெருங்கும்போது விறைப்பு சரியும். தாண்டியதும் 1,120-ஐயும் மிஞ்சி ஏறி, பிறகு இறங்கும். பெட்டியின் பாடி வளைந்து அதிரும் முதல் மோடும் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் இருக்கும். இரண்டும் பக்கத்தில் வந்தால் பயணிக்கு நேராகத் தெரியும். நிஷிமுரா மாடலில் இந்த உச்சமே இல்லை.

அதனால் ரைடு கம்ஃபர்ட் கணக்குக்கு என் தேர்வு மூன்றாவது வகைதான்: குழாய்க் காற்றின் நிறையைச் சேர்த்த மாடல்கள். பிரிட்டிஷ் ரயில்வே ஆராய்ச்சியிலிருந்து வந்த வாம்பயர் மென்பொருளில் உள்ளதும், 1990-களின் இறுதியில் ஸ்டாக்ஹோம் கே.டி.ஹெச். பல்கலையில் மாட்ஸ் பெர்க் உருவாக்கியதும் இந்த வகை. பெர்க் குழாயில் வரும் தடை விசையை வேகத்தின் 1.8 அடுக்கில் வைக்கிறார். உராய்வையும் பக்கவாட்டு அசைவையும் சேர்க்கிறார். அடுக்கு ஒன்றுக்கு மேல் இருப்பதால் டேம்பிங் அசைவின் அளவைப் பொறுத்து மாறும். 2 மி.மீ. அசைவில் பொருத்திய லீனியர் டேம்பர் 10 மி.மீ.க்குப் பொருந்தாது என்பது இதனால்தான்.

நான்காவது, தெர்மோடைனமிக் மாடல். ஒவ்வொரு அறைக்கும் காற்றின் நிறை, ஆற்றல் சமன்பாடுகள், சுவர் வழி போகும் வெப்பம், பெட்டியின் உயரத்தைச் சமனாக வைக்கும் லெவலிங் வால்வு, இடது வலது ஸ்பிரிங்குகளுக்கு நடுவே உள்ள அழுத்த வேறுபாட்டு வால்வு. பாலிட்ரோபிக் எண் 1-க்கும் (வெப்பநிலை மாறாத நிலை) 1.4-க்கும் (வெப்பம் வெளியேறாத நிலை) இடையில் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை, அதுவே கண்டுபிடிக்கும். நேர்க்கோட்டிலிருந்து வளைவுக்குள் நுழையும்போது சக்கரச் சுமை குறைவது, ஒரு பெல்லோஸ் வெடித்துப் பெட்டி சாய்வது ஆகியவற்றைக் கணக்கிட இது இல்லாமல் முடியாது. வால்வுகள் வழியே காற்று உள்ளே வருவதும் வெளியே போவதும் மற்ற மூன்றிலும் கிடையாதே. சாதாரண ரைடு கணக்குக்கு இதை இழுப்பது வீண் செலவு. வெப்பப் பரிமாற்றக் குணகம், வால்வின் ஓட்ட வளைவு என்று கிடைக்கக் கடினமான எண்களை எல்லாம் கேட்கும்.

எந்த மாடலானாலும் டேப் வைத்து அளக்க முடியாத ஒன்று உண்டு: உயரம் மாறும்போது பயனுறு பரப்பு மாறுவதால் வரும் விறைப்பு. மேலே சொன்ன எண்களில் அது சேரவில்லை. டெஸ்ட் லேபில் குழாயை அடைத்துவிட்டு ஒரு முறை அதிர்வெண் ஸ்வீப் (அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றிச் செய்யும் சோதனை) ஓட்டச் சொல்லுங்கள். பெல்லோஸின் விறைப்பு தனியாகக் கிடைக்கும். காற்றின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்தால் மிச்சத்தில் பெரும்பகுதி இந்தப் பரப்பு மாற்றத்தினுடையது. அப்புறம் குழாயைத் திறந்து, சிறிய அசைவு ஒன்று, பெரிய அசைவு ஒன்று. டேம்பிங் அடுக்கைப் பொருத்த அந்த இரண்டு வளைவுகளும் வேண்டும்.