டிரெய்லருக்கு ஏசியா, கூலரா? முதலில் கூரையைப் பாருங்கள்

சித்திரை பிறக்கிற சமயத்தில் திருநெல்வேலிக்கு நேர் உச்சியில் சூரியன் வந்துவிடும். காருக்குப் பின்னால் இழுத்துப்போய், போகிற இடத்தில் உள்ளேயே படுத்துத் தங்குகிற கேம்பர் டிரெய்லரில் அந்த வெயில் முழுவதையும் கூரைதான் வாங்குகிறது. மதியம் உள்ளே நின்று மேல்தகட்டைத் தொட்டால் கை சுடும். எங்கள் டிரெய்லருக்கு ஏசி விசாரிக்கப் போனபோது, பட்டறை அண்ணாச்சி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "மேல வெயில வாங்கிக்கிட்டு உள்ள ஏசி போட்டு என்ன செய்யதுக்கு, தம்பி?"

ஏசியின் குளிர்ச்சியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல் கரண்டில்தான். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் சுமார் 1000 வாட் இழுக்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பதோ இரண்டரை யூனிட். இரண்டு மணி நேரம் தாண்டுவது கஷ்டம். சொந்தக்காரர் வீட்டு முற்றத்திலோ லாட்ஜ் வளாகத்திலோ நிறுத்தி, 15 ஆம்பியர் பிளக் கிடைத்தால் தாராளமாக ஏசி போடலாம். ஜெனரேட்டரை நம்புகிறவர்கள் அதை ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கூலர் நம் உள்நாட்டுக்கு அருமையாகப் பொருந்தும். தென்மேற்குக் காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வருவதால், பாளையங்கோட்டை, நாங்குநேரிப் பக்கம் வறண்டுதான் வீசுகிறது. வெயில் 40 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், நல்ல கூலர் 27, 28 டிகிரியில் காற்றுத் தரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு சின்ன விசிறியும் பம்பும் ஓடுகிற கரண்டுதான். உப்புத் தண்ணீர் ஊற்றினால், கூலரில் தண்ணீர் நனைகிற தட்டியில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். தாமிரபரணித் தண்ணீர் கேனில் பிடித்துப் போவது நல்லது. கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஏசிப் பழக்கத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, புழுங்குகிறது என்று கூலரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

அதே கூலரை உவரிக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் பாய் நசநசக்கும், உடம்பு ஒட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாது. அங்கே பிளக் கிடைத்தால் ஏசி, இல்லாவிட்டால் கடல்காற்றுக்கு ஜன்னலைத் திருப்பி நிறுத்துவது.

இந்த இரண்டுக்கும் முன்னால் நிழல். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட், அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தார்ப்பாய் அல்லது ஓலைத்தட்டி. அந்த இடைவெளியில் காற்று ஓட வேண்டும். தகட்டோடு ஒட்டிக் கட்டினால் பாதிப் பலன் போய்விடும். ஆற்றோர மருதமர நிழல் இன்னும் சுகம். ஆனால் மணலில் இறக்கி நிறுத்தாதீர்கள், அணையில் தண்ணீர் திறந்தால் நேரம் இருக்காது.

ராத்திரிக்குக் கரண்டு குறைவாக இழுக்கிற 28 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்று போதும். விடிய விடிய ஓடினாலும் கால் யூனிட் சொச்சம்தான். சாரல் காலத்தில் குற்றாலம் போகும்போது நாங்கள் கூலரை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஃபேனும் கொசுவலையும் மட்டும் எடுத்துப்போகிறோம்.