பட்டாளத்துக்காரனுக்கு பாஸ்போர்ட்: பிரவுசிங் சென்டருக்கு ஒரு ஸ்டார், தஞ்சாவூர் சேவா கேந்திராவுக்கு ஐந்து

வருட லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், பாபநாசம் பக்கம். தங்கச்சி சிங்கப்பூரில் இருக்கிறாள், அடுத்த லீவில் அம்மாவோடு போய் அவள் குழந்தையைப் பார்த்துவிட்டு வர யோசனை. திருச்சியிலிருந்தே நேராக விமானம் இருக்கிறது, எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அதில் போய் வந்தவர்தான். அம்மாவிடம்கூட பாஸ்போர்ட் உண்டு, ராணுவத்தில் இருக்கிற என்னிடம்தான் இல்லை.

முதலில் கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன், பெயர் வேண்டாம். 2,000 ரூபாய் கேட்டார்கள், 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500, மீதி அவர்கள் கூலி. சரி என்றேன். அங்கிருந்த தம்பி மளமளவென்று தட்டிக்கொண்டே போனவர், வேலை என்ற இடம் வந்ததும் என்னைக் கேட்காமலேயே 'தனியார்' என்று போட்டுவிட்டார். "அண்ணே, கவர்மென்ட்னு போட்டா ஆபீஸ் லெட்டர் கேப்பாங்க, இப்படிப் போட்டா சுலுவா முடிஞ்சிடும்" என்கிறார். முடியும், கூடவே என் உத்தியோகமும் முடியும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம், 2 வருடம் வரை ஜெயில் என்று இருக்கிறது, யூனிட்டில் நடக்கப்போவது தனிக்கதை. நல்லவேளை, அவர்கள் அரசுக் கட்டணத்தைக் கட்டும் முன் திரையைப் பார்த்தேன். டைப்பிங் சார்ஜ் என்று 200 பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். அந்த ஒரு ஸ்டார்கூட தம்பி வாங்கிக் கொடுத்த டீக்குத்தான்.

அன்று ராத்திரி போனிலேயே நானே நிரப்பினேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 'அரசு' என்று போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. லீவுக்குக் கிளம்பும் முன்பே யூனிட்டில் அடையாளச் சான்றிதழ் வாங்கி வந்திருந்தேன், எங்கள் சுபேதார் சாப் சொல்லிக் கொடுத்தது. அது இருந்தால் போலீஸ் விசாரணையே கிடையாது, மனைவி பிள்ளைகளுக்கும் அதே மாதிரி வாங்கலாம். சான்றிதழ் கிடைக்கத் தாமதமானால், விண்ணப்பிக்கப் போகிறேன் என்று மேலதிகாரிக்கு ஒரு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு அதன் நகலோடு போகலாம், ஆனால் அதில் போலீஸ் விசாரணை உண்டு. லீவு முடிந்து நாம் எல்லையில் நிற்கும்போது ஏட்டையா வீட்டுக் கதவைத் தட்டினால் யார் பதில் சொல்வது? அதனால் சான்றிதழ்தான் நமக்குத் தோது.

தஞ்சாவூர் சேவா கேந்திராவில், அதாவது பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நேரில் சரிபார்க்கிற அரசு மையத்தில், வேலை சுத்தம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ஏ கவுன்டரில் போட்டோ, கைரேகை, பேப்பர் ஸ்கேன், பியில் ஒரிஜினலைச் சரிபார்க்கிறார்கள், சியில் ஒப்புதல். பி கவுன்டர் அம்மா சான்றிதழை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "எந்த ஊர்ல டூட்டி தம்பி?" என்றார். "வடக்கே" என்றேன், சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் கையில் இருப்பதாலேயே விமானம் ஏறிவிட முடியாது. சர்வீஸில் இருக்கிறவரை எந்த நாடு, எத்தனை நாள், எதற்கு என்று எழுதிக் கொடுத்து வெளிநாட்டு லீவுக்குத் தனி அனுமதி வாங்கணும், டிக்கெட் அதற்கு அப்புறம்தான். அரசு வேலையாக அனுப்பினால் கொடுக்கிற வெள்ளை அட்டை பாஸ்போர்ட் வேறு, அதை வைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போகமுடியாது.

பத்தாம் நாள் ஸ்பீடு போஸ்ட் வந்தது, நான் வயலில் நாற்றுக் கட்டு தூக்கிக்கொண்டிருந்தேன். அம்மா எவ்வளவோ கேட்டும் தபால்காரர் கொடுக்கவில்லை, ஆள் நேரில் இருந்தால்தான் என்று திருப்பி எடுத்துப் போய்விட்டார். மறுநாள் வயலுக்குப் போகாமல் ஆதார் கார்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்து வாங்கினேன்.