சுவரில் எரிந்த பிளக் பேஸுக்குப் பதிலாக எதைப் பூட்டுவது? வன்னி வீடொன்றிலிருந்து ஓர் ஒப்பீடு

2009இன் பின் மீள்குடியேறியவர்களின் வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான அவசரத்தில் எழும்பியவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த 550,000 ரூபாவில் அத்திவாரம், சீமெந்துக் கல், கூரை, கதவு என்று முடித்த பிறகு வயறிங்குக்கு எஞ்சிய பணம் மிகக் கொஞ்சம். அந்நேரத்தில் வீட்டில் இருந்தவை இரண்டு மூன்று மின்குமிழ்கள், ஒரு காற்றாடி, கைத்தொலைபேசி சார்ஜர் ஆகியவை மட்டுமே என்பதால், 5 அம்பியர் வட்டப் பின் சொக்கெட் இரண்டோ மூன்றோ போதும் என்று பலர் எண்ணியதில் பிழையில்லை. இன்று அதே சுவரில் குளிர்சாதனப் பெட்டியும் ரைஸ் குக்கரும் மின்கேத்தலும் தொங்குகின்றன. விசுவமடுவிலுள்ள எங்கள் வீட்டிலும் குசினிச் சொக்கெட்டின் முகம் மஞ்சளாகி, பின்னர் கபிலமாகி, கடைசியில் ஒரு மூலை உருகிய பிறகுதான் ஆறு சொக்கெட்டுகளையும் மாற்றத் தீர்மானித்தோம். மாற்றுவதற்கு என்னென்ன வழிகள் உள்ளன, எதற்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்பதை அந்த அனுபவத்தை வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

ஒப்பீட்டுக்கு முன்னர் ஒரு சிறு கணக்குத் தேவை. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஆகவே 5 அம்பியர் சொக்கெட் ஏறத்தாழ 1,150 வாற்று வரையும், 13 அம்பியர் சொக்கெட் 2,990 வாற்று வரையும், 15 அம்பியர் சொக்கெட் 3,450 வாற்று வரையும் தாங்கும். 700 வாற்று ரைஸ் குக்கர் 3 அம்பியரையே இழுப்பதால் அது எதிலும் ஓடும். 2,000 வாற்று மின்கேத்தல் 8.7 அம்பியரை இழுக்கும். அதை அடப்டர் ஒன்றின் வழியாக 5 அம்பியர் சொக்கெட்டில் செருகுபவர் சொக்கெட்டின் அளவை முக்கால் மடங்கு மீறுகிறார். எங்கள் குசினியில் மூலை உருகியதற்குக் காரணமும் இதுவே.

முதல் வழி, பழையபடி அதே வட்டப் பின் சொக்கெட்டையே வாங்கிப் பூட்டுவது. செலவு குறைவு, பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 13 அம்பியர் சதுரப் பின் வகையே இப்போது நாட்டின் நியமம் என்பதால், இனி வாங்கும் பொருள்கள் அந்தப் பிளக்குடனேயே வரப்போகின்றன. வட்டப் பின் சொக்கெட்டை வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடப்டரையும் வாங்கியாக வேண்டும். 15 அம்பியர் வகைக்கு ஒரு காலத்தில் அயன் பொக்ஸுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குமென்று மதிப்பு இருந்தது. 2,990 வாற்றுக்கு மேல் இழுக்கும் பொருள் நம் சாதாரண வீடுகளில் அரிது என்பதால் அந்த மதிப்பும் போய்விட்டது.

இரண்டாம் வழியான 13 அம்பியர் சொக்கெட்டின் சிறப்பு அதன் கொள்ளளவில் மட்டும் இல்லை. அதன் துளைகளுக்குப் பின்னால் ஒரு தடுப்பு உண்டு. பிளக்கின் ஏர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமானது என்பதால் அதுவே முதலில் நுழைந்து அந்தத் தடுப்பை விலக்குகிறது. குழந்தையின் விரலோ ஆணியோ மின்னோடும் பகுதியைத் தொடாமல் காப்பது அதுதான். வன்னியில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு: வட்டப் பின் சொக்கெட்டின் திறந்த துளைகளில் குளவி மண் வைத்து அடைப்பதையும் எறும்பு புகுந்து குடியிருப்பதையும் பார்க்காதவர் இங்கு குறைவு, தடுப்புள்ள சொக்கெட்டில் அந்தத் தொல்லை பெரிதும் இல்லை. இரு பின் சார்ஜரைச் செருகுவதற்காகப் பேனா முனையால் ஏர்த் துளையைக் குத்தித் திறக்கும் நம் பழக்கம் இந்தக் காவலை நாமே உடைக்கும் செயல் என்பதையும் சொல்லியாக வேண்டும். இவற்றோடு, சதுரப் பின் பிளக்கினுள்ளேயே ஒரு பியூஸ் இருக்கிறது. மின்விளக்குக்கு 3 அம்பியர், கேத்தலுக்கு 13 அம்பியர் என்று பொருளுக்கேற்றதைப் போட்டால், பழுதான பொருளின் வயர் தீப்பற்றுவதற்கு முன் பியூஸ் எரிந்து நின்றுவிடும்.

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறும் இடம் வருகிறது. பழைய 5 அம்பியர் சொக்கெட்டுகள் பல வீடுகளில் மின்விளக்குச் சுற்றிலிருந்தே எடுக்கப்பட்டவை. அவற்றின் பின்னால் ஓடுவது 1/1.13 எனப்படும் ஒற்றை இழை வயர், அதாவது 1 சதுர மில்லிமீற்றர். சுவருக்குள் குழாயில் செல்லும் அத்தகைய வயருக்கு நியமப் பட்டியல்கள் தரும் அளவு ஏறத்தாழ 13 அம்பியர், அதுவும் 30 பாகைச் சூழலில். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் 40 பாகையை எட்டும்போது அது 12 அம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். அந்த வயரின் நுனியில் புத்தம் புதிய 13 அம்பியர் சொக்கெட்டைப் பூட்டினால், 13 என்ற எண் சொக்கெட்டின் முகத்தில் மட்டுமே இருக்கும். முதலில் நடப்பது இது: கேத்தலைப் போட்டதும், அந்த மின்விளக்குச் சுற்றைக் காக்கும் 6 அம்பியர் பிரேக்கர் சிறிது நேரத்தில் விழும். அதை எரிச்சலோடு பார்க்கும் யாரோ ஒருவர் பிரேக்கரை 16 அம்பியராக மாற்றிவிடுவார். அதன் பிறகு எதுவும் விழாது. வயர்தான் சுவருக்குள் சூடாகும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த வயர்மன் ஒருவர் இதையே செய்ய முற்பட்டார், செலவைக் குறைக்க உதவுவதாகவே அவர் நினைத்தார் என்பதால் அவர்மேல் கோபமில்லை. சரியான முறை, விநியோகப் பெட்டியிலிருந்து தனிச் சுற்றாக 7/0.67 வயரை, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை, பச்சை ஏர்த் வயருடன் இழுப்பது. குழாயினுள் அது 24 அம்பியர் அளவுக்கும், 40 பாகை வெப்பத்திலும் 20 அம்பியருக்குக் குறையாமலும் தாங்கும். ஆறு சொக்கெட்டுகளுக்கும் இதைச் செய்யப் பணம் போதாவிட்டால், குசினிக்கும் அயன் போடும் இடத்துக்கும் மட்டுமாவது செய்துவிட்டு, படுக்கையறையில் உள்ளவற்றைச் சார்ஜருக்கும் காற்றாடிக்குமென்று பழைய சுற்றிலேயே, 6 அம்பியர் பிரேக்கரைத் தொடாமல், விட்டுவைப்பது மேல்.

மூன்றாவது வழியாகக் கடைக்காரர்கள் விரும்பிக் காட்டுவது, வட்டப் பின்னையும் சதுரப் பின்னையும் இரு பின் பிளக்கையும் ஒரே முகத்தில் ஏற்கும் ‘எல்லாம் போகும்’ சொக்கெட். இந்தியாவிலிருந்து வந்த மிக்சியும் துபாயிலிருந்து வந்த ட்ரிம்மரும் இருக்கும் வீட்டில் அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆயினும் எல்லா உருவப் பின்னுக்கும் இடம் கொடுக்கும் துளை எந்தப் பின்னையும் இறுகப் பிடிப்பதில்லை. தளர்ந்த பிடியில் பொறி பறக்கும், பொறி பறக்கும் இடத்தில் உலோகம் கருகும், கருகிய உலோகம் மேலும் சூடாகும். இந்த வகைச் சொக்கெட்டுகள் பலவற்றில் தடுப்பு இல்லை அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் ஏர்த் தகடுள்ள ஐரோப்பிய வட்டப் பிளக் அதில் நுழைந்தாலும் ஏர்த் இணைவதில்லை. அந்த மிக்சியின் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் ஒன்றைப் பூட்டுவது சொக்கெட்டை மாற்றுவதைவிட மலிவு; இந்த வகையை நான் எந்த இடத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

13 அம்பியர் என்று முடிவான பின் எஞ்சுவது எந்தத் தயாரிப்பு என்ற கேள்வி. ஏ9 வீதியிலுள்ள ஹாட்வெயார்களில் மூன்று தட்டுகள் இருக்கும்: பெயரறியாப் பெட்டியில் வரும் மலிவுச் சரக்கு, கெவில்டன், ஒரேஞ் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகள், ஷ்னைடர், லெக்ராண்ட் போன்ற வெளிநாட்டுப் பெயர்கள். பெட்டியை மட்டும் பார்க்காமல் சொக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலங்கை நியமத்தைக் குறிக்கும் எஸ்எல்எஸ் இலச்சினையோ, 13 அம்பியர் வகைக்கான பிரித்தானிய நியமமான பிஎஸ் 1363 என்ற எண்ணோ முகத்திலோ முதுகிலோ அச்சாகியிருக்கிறதா, உள்ளே தெரியும் தகடு தடித்த பித்தளையா அல்லது முலாம் பூசிய மெல்லிய இரும்பா, திருகாணி இரண்டு 2.5 வயர்களை ஒன்றாக இறுக்குமா என்பவை பார்க்க வேண்டியவை. சிறிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் இரும்பா பித்தளையா என்பது உடனே தெரியும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. வெளிநாட்டுப் பெயருக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் பெரும்பாலும் முகத்தின் மெருகுக்கும் சுவிச்சின் மென்மைக்கும் போகிறது என்பதே என் கணிப்பு. நியமத்துக்கு உட்பட்ட உள்நாட்டுச் சொக்கெட் ஒரு வீட்டுக்குப் போதுமானது.

விலைக் கணக்கைப் பார்ப்போம். கடை விலை மாறிக்கொண்டே இருப்பதால், முறையை விளக்க நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன்: மலிவுச் சரக்கு 350 ரூபா, உள்நாட்டுத் தயாரிப்பு 750, வெளிநாட்டுப் பெயர் 1,600, வயர்மனின் ஒரு நாட்கூலி 4,000. ஆறு சொக்கெட்டுகளுக்குப் பொருள் செலவு முறையே 2,100, 4,500, 9,600 ஆகிறது. கடையில் நிற்கும்போது உள்நாட்டுச் சொக்கெட் மலிவானதைவிட இரு மடங்குக்கும் மேல் விலையாகத் தெரியும். கூலியைச் சேர்த்தால் 6,100க்கு எதிரே 8,500 மட்டுமே. வித்தியாசம் இரண்டரை ஆயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. மலிவுச் சரக்கு இடையில் ஒருமுறை எரிந்து மீண்டும் முழுவதையும் மாற்ற நேர்ந்தால் அதன் செலவு 12,200. வயர் புதிதாக இழுக்கும் செலவு மூன்றுக்கும் பொது என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் உண்மையில் மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கும், எனவே சொக்கெட்டில் மிச்சம் பிடிக்க நினைப்பதற்கு இன்னும் குறைவான காரணமே உள்ளது.

ஒற்றையா இரட்டையா என்பதில் என் சாய்வு இரட்டையின் பக்கம், ஏனெனில் ஒற்றைச் சொக்கெட்டில் கடைசியில் ஒரு மல்ரி பிளக் வந்து தொங்கியே தீரும். இரட்டை என்றால் 26 அம்பியர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பக்கம் 14, மறுபக்கம் 6 என மொத்தம் 20 அம்பியரிலேயே பிரித்தானிய நியமம் அதன் வெப்பத்தைச் சோதிக்கிறது. கேத்தலையும் அயன் பொக்ஸையும் ஒரே இரட்டையில் நீண்ட நேரம் ஓட்டுவது சரியல்ல. பெட்டியும் மாற வேண்டும்: ஒற்றையின் முகம் 86 மில்லிமீற்றர் சதுரம், இரட்டையின் அகலம் 146. நம் வீடுகளின் சீமெந்துக் கல் உளியடியில் பெரிதாக உடைந்துவிடும் என்பதால், பூச்சு நல்ல நிலையிலுள்ள சுவரில் வெட்டாமல் வெளிப்பெட்டி வைத்துப் பூட்டுவது புத்திசாலித்தனம். அழகு குறையும், செலவும் தூசியும் குறையும்.

யூஎஸ்பி துளையுள்ள சொக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி மழைக்கால இடிமின்னலில் முதலில் போவது அதனுள்ளே இருக்கும் மின்னணுத் தகடுதான். சார்ஜர் போனால் கழற்றி எறியலாம், இது போனால் சுவரைத் திறக்க வேண்டும். கிணற்று மோட்டரை எந்தச் சொக்கெட்டிலும் மாட்ட வேண்டாம். 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது இழுப்பது குறைவாக இருந்தாலும் புறப்படும் கணத்தில் பல மடங்கு இழுக்கும், ஈரமும் கூடவே இருக்கும். அதற்கு இரு முனையையும் துண்டிக்கும் தனிச் சுவிச்சும் நேரடி இணைப்பும் வேண்டும். விறாந்தைக்கு வெளியே சொக்கெட் வேண்டுமானால் மூடியுள்ள, மழை புகாத வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

பூட்டி முடிந்ததும் வயர்மனை உடனே அனுப்பிவிடக் கூடாது. ஒவ்வொரு சொக்கெட்டிலும் ஏர்த் உண்மையாக இணைந்திருக்கிறதா என்று அவரைக் கொண்டே சோதிப்பித்து, மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அவர் முன்னிலையிலேயே அழுத்திப் பார்க்க வேண்டும். ஆவணியில் மண் காய்ந்து கிடக்கும்போது ஏர்த் கம்பியின் தடை கூடிவிடும் என்பதால் ஏர்த் சோதனையைக் கோடையிலும் ஒருமுறை செய்விப்பது நல்லது. பிறகு குசினிச் சொக்கெட்டில் கேத்தலை இரண்டு முறை தொடர்ந்து கொதிக்கவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பின்களின் அருகே கையை வைத்துப் பார்க்கலாம். இளஞ்சூடு இயல்பு, கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் உள்ளே ஏதோ ஒரு திருகாணி இறுகவில்லை, அதை அன்றைக்கே திறந்து இறுக்கச் சொல்ல வேண்டும்.