பிளெட்ச்லி பார்க்: டேட்டா வேலைக்காரர்கள் அங்கே பார்க்க வேண்டியது

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிளெட்ச்லி. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் செய்திகளை உடைத்த இந்த இடத்துக்கு வருகிறவர்களில் பலர் மாளிகையையும் கணிதவியலாளர் ஆலன் ட்யூரிங்கின் அறையையும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். டேட்டாவை நம்பித் தொழில் நடத்துபவர்கள் நேரத்தைச் செலவிட வேண்டியது ஹட் 6, ஹட் 3 என்ற மரக் குடிசைகளிலும் பிளாக் ஏ கட்டடத்திலும்.

ஹட் 6 ராணுவ, விமானப்படைச் செய்திகளை உடைத்தது. ஹட் 3 அதை மொழிபெயர்த்து, விட்டுப்போன எழுத்துகளை ஊகித்து நிரப்பி, குறிப்பெழுதி அனுப்பியது. இரண்டு குடிசைகளுக்கும் நடுவே மரத்தாலான ஒரு சிறு வழி; தாள்கள் வைத்த தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளுவார்கள். உடைப்பவர் வேறு, பொருள் சொல்பவர் வேறு. டேஷ்போர்டு கட்டிய ஆளே அதற்கு விளக்கமும் சொல்லும் நிறுவனங்கள் இங்கே கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

2022இல் பிளாக் ஏயில் திறந்த ‘இன்டெலிஜென்ஸ் ஃபேக்டரி’ கண்காட்சிதான் எங்கள் முதல் பரிந்துரை. ஒரு செய்தியில் வரும் அதிகாரி, கப்பல், படைப்பிரிவு, ஊர் எல்லாம் அட்டைகளில் ஏறின. புதிய செய்தி வந்ததும் பழைய அட்டைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். அட்டவணை இல்லையென்றால் உடைத்த செய்தி வெறும் வாக்கியம். பிளெட்ச்லியில் ஓடிய, துளையிட்ட அட்டைகளை எண்ணிப் பிரிக்கும் ஹாலரித் பஞ்ச் கார்டு இயந்திரங்கள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிறந்து, பிறகு வணிகக் கணக்குகளுக்கு வந்தவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்படை எனிக்மாவை உடைத்த ஹட் 8க்குப் போகுமுன், சிறுசிறு சாட்சியங்களை எடைபோட்டுக் கூட்டி எனிக்மாவின் அமைப்பை ஊகிக்கும் பான்புரிஸ்மஸ் முறையைப் படித்துவிடுங்கள். நின்றபடி பலகை படித்துப் பிடிபடும் விஷயமில்லை. சாட்சியத்தின் எடையை ட்யூரிங் ‘டெசிபான்’ என்ற அலகில் கூட்டினார். 10 டெசிபான் சேர்ந்தால் வாய்ப்பு விகிதம் 10 மடங்கு. இதையே வங்கி வேலைக்கு எடுத்தால், மோசடிப் பரிவர்த்தனை ஆயிரத்தில் ஒன்று என்றால் தொடக்கம் ஏறக்குறைய மைனஸ் 30 டெசிபான். சரிபாதி வாய்ப்புக்கு வரவே 30 வேண்டும். மோசடிதான் என்பதற்கு 100, இல்லை என்பதற்கு 1 என்ற விகிதத்தை எட்ட 50. வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: புதிய கருவி, புதிய ஊர் என்ற இரண்டு அறிகுறிகளும் ஒரே பயணத்தால் வந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே சாட்சியம் இரண்டு முறை ஏறி, நல்ல வாடிக்கையாளரின் கார்டு முடங்கும்.

எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறி வராது. ஊகித்த சொற்றொடரை ரகசியச் செய்தியின் கீழே நகர்த்தி, ஒரே எழுத்து நேருக்கு நேர் விழும் இடங்களை அடித்துவிடலாம். 20 எழுத்து ஊகம் என்றால் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் பென்சிலிலேயே கழியும். எனிக்மாவின் அமைப்பைத் தேடிய பாம்ப் இயந்திரத்தின் நேரம் அதற்குப் பிறகுதான் செலவாகும். பெரிய மாடலுக்கு வாடகை கட்டுமுன் மலிவான வடிகட்டி போடுவதும் இதே வேலைதான்.

டிக்கெட் ஓராண்டு செல்லும், ஆகவே ஒரே நாளில் முடிக்க அவசரப்பட வேண்டாம். லோரன்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் சங்கேதத்தை உடைக்கக் கட்டிய கொலோசஸ் கணினி, பாம்ப் ஆகியவற்றின் மறுவடிவங்கள் இருப்பது அதே வளாகத்தில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில். அதற்குத் தனி டிக்கெட், எல்லா நாளும் திறந்திருக்காது. தேதி பார்த்துப் போங்கள். நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் காகித நாடா ஓட, கொலோசஸ் எண்ணிக்கை மட்டுமே எடுத்தது. லோரன்ஸ் செய்தியின் மீதிப் பாதியைக் கையால் உடைத்தவர்கள் டெஸ்டரி பிரிவின் ஆட்கள்.