கிரனோலா: கடைப் பாக்கெட்டா, ஓவனா, அவலா?

காரைக்குடி சூப்பர் மார்க்கெட்டுகளில் ஓட்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில் இப்போது கிரனோலாவும் இருக்கிறது. ஓட்ஸ், பருப்பு, விதைகளைத் தேனும் எண்ணெயும் சேர்த்துப் புரட்டி, மொறுமொறுவென்று சுட்டெடுத்த கலவை. பாலை ஊற்றினால் காலைச் சாப்பாடு தயார். பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போன வீடுகளில் மாதச் சாமான் செலவு சத்தமில்லாமல் ஏறுகிறது. அதையே வீட்டில் செய்தால் மிச்சமா? மிச்சம்தான். ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது எதைப் போட்டுச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் கடைச் சரக்கு. 400 கிராம் பாக்கெட் ஏறக்குறைய 360 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிண்ணத்துக்கு 50 கிராம் போட்டால் 45 ரூபாய். மூன்று பேர் தினமும் சாப்பிடும் வீட்டில் மாதம் 4,000 ரூபாயைத் தாண்டிவிடும், பால் தனி. வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதைத்தான் முதலில் போடுவார்கள். சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இரண்டாவது இடத்தில் இருந்தால், அந்தப் பாதாம் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அடுத்தது, சமையல் வீடியோக்களில் காட்டுகிற மாதிரி அப்படியே செய்வது. 300 கிராம் ஓட்ஸ் 60 ரூபாய், 100 கிராம் பாதாம் 90, 50 கிராம் பூசணி விதை 30, 50 கிராம் திராட்சை 25, 100 கிராம் தேன் 45, எண்ணெய் 15. மொத்தம் 265 ரூபாய்க்குச் சுமார் 600 கிராம் கிடைக்கும். கிண்ணத்துக்கு 22 ரூபாய், அதாவது கடை விலையில் பாதி. சரி, பாதி மிச்சம் என்று இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். பாதாமும் தேனும் மட்டுமே 135 ரூபாய். செலவில் பாதி அந்த இரண்டில் போகிறது.

அந்த இரண்டும் கட்டாயமா என்றால், இல்லை. அமெரிக்காவில் 1863-இல் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் தன் மருத்துவ விடுதியில் கிரனோலாவுக்கு முன்னோடியாக ‘கிரானுலா’ என்று முதன்முதலில் செய்தது வெறும் கோதுமை மாவைச் சுட்டு உடைத்த துண்டுகள்தான். ராத்திரி ஊற வைத்தால்தான் காலையில் மெல்ல முடியும். பாதாமும் தேனும் பின்னால் வந்தவை. ஆகவே நம் ஊர்ச் சாமானைப் போட்டுச் செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

பாதாமுக்குப் பதில் 100 கிராம் வேர்க்கடலை, 50 கிராம் பொரிகடலை. தேனுக்குப் பதில் 100 கிராம் வெல்லம். மெலிதாகச் சீவிய கொப்பரை 50 கிராம், எள் 25 கிராம், செக்குக் கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. ஓட்ஸையும் சேர்த்து 125 ரூபாய்க்குள் முடியும், கிண்ணத்துக்குப் பத்து ரூபாய். செட்டிநாட்டு இனிப்புப் பலகாரமான மனகோலம் செய்யும் வீடுகளில் இந்தச் சேர்மானம் யாருக்கும் புதிதில்லை. வெல்லப்பாகு, பொரிகடலை, தேங்காய் எல்லாம் அதிலும் உண்டு.

பாகில்தான் கவனம் வேண்டும். வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். விரலில் தொட்டு இழுத்தால் ஒற்றைக் கம்பி வரும்போது இறக்கி எண்ணெயைக் கலக்கிவிடலாம். உருண்டைப் பதம் வரை விட்டால் ஆறியபின் கல்லாக இறுகும், பிள்ளைகள் பல்லில் கடிக்க முடியாது. கம்பிப் பதத்துக்கு முன்பே எடுத்தால் தண்ணீர் மிச்சமிருந்து ஓட்ஸ் தோல் மாதிரி சவசவக்கும். பாகில் புரட்டியதைத் தட்டில் பரப்பி, ஓவனில் 150 டிகிரி சூட்டில் அரை மணி நேரம். பாதியில் ஒரு கிளறல். கொப்பரையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்தால் கருகாது. திராட்சை போடுவதாக இருந்தால் ஓவனை அணைத்தபின்தான். ஆறும் வரை தட்டைத் தொடாதீர்கள், அப்போதுதான் கட்டி கட்டியாக ஒட்டி நிற்கும். மின்சாரம் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும், அது பெரிய செலவில்லை. ஓட்ஸ் மட்டும் முழு இதழாக, ரோல்டு ஓட்ஸாக இருக்க வேண்டும். சீக்கிரம் வேகிற ரகம் மாவாகிவிடும், மசாலா ஓட்ஸ் இதற்கு ஆகவே ஆகாது.

ஓவன் இல்லாத வீட்டுக்கு அவல். உண்மையில் என் ஓட்டு இதற்குத்தான். கெட்டிச் சிவப்பு அவல் 300 கிராம் 27 ரூபாய்க்குக் கிடைக்கும். மற்றவை அதே சாமான். கிண்ணத்துக்கு ஏழெட்டு ரூபாய். அடிகனமான வாணலியில் சிறுதீயில் வறுக்க வேண்டும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் பொடியாக நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் வறுபடவில்லை. அதன்பின் பாகை ஊற்றி, நிறம் ஏறும் வரை கிளறி, தட்டில் கொட்டி ஆறவிட்டால் போதும். பாலில் போட்டதும் ஓட்ஸை விடச் சீக்கிரம் ஊறும் என்பது ஒன்றுதான் குறை. பரிமாறிய கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். கவுனி அவல் கிடைத்தால் நிறமும் மணமும் தனி ரகம், ஆனால் விலை அதிகம். சிக்கனத்துக்காகச் செய்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

சத்தில் ஓட்ஸுக்குத்தான் முன்னிலை. புரதமும் நார்ச்சத்தும் அதில் கூடுதல். அவலில் வேர்க்கடலையைக் கூட்டிப்போட்டால் புரதக் குறையை ஓரளவு சரிக்கட்டலாம். வெல்லமும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ள வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் எதையும் அன்றாடக் காலை உணவாகக் கொடுக்க மாட்டேன்.

இட்லியோடு வைத்துப் பார்த்தால் என்ன? நாலு இட்லியும் சட்னியும் வீட்டில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் அடங்கும். ரேஷன் அரிசி கலந்து அரைக்கிற வீட்டில் இன்னும் குறையும். அவல் கலவையோடு 150 மில்லி பாலையும் சேர்த்தால் அதுவும் பதினைந்து ரூபாய்தான். இட்லி சாப்பிடுகிற வீடு செலவைக் குறைக்க இதற்கு மாற வேண்டியதில்லை. வயல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவருக்கு 50 கிராம் மதியம் வரை தாங்கவும் தாங்காது. மாவு தீர்ந்துபோன காலையிலும், ஏற்கனவே பாக்கெட் வாங்கிப் பழகிய வீட்டிலும்தான் இந்த மிச்சம் உண்மையான மிச்சம்.

விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப ஓட்ஸ் கலவைதான் ஏற்றது. பாகு ஏறிய அவல் ஈரக்காற்றுப் பட்டால் சீக்கிரம் நமத்துவிடும். நன்றாக ஆறியபின், ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி அளவு செய்யுங்கள். நமத்துப்போனாலும் வாணலியில் ஐந்து நிமிடம் சூடு காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். கடலையில் சிக்கு வாடை வந்துவிட்டால் மட்டும் கொட்டிவிடுங்கள்.