சிக்னல் ஆப்: இரண்டு வருடம் பயன்படுத்தியதில் பிடித்ததும் கஷ்டப்பட்டதும்

மெசேஜ் அனுப்பும் ஆப்பான சிக்னலை இரண்டு வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். இதற்கு வந்தது அக்காவால். அவளுக்குக் கட்டி ஒன்று இருந்து பயாப்சி எடுத்திருந்தார்கள். முடிவு வரும்வரை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் மட்டும்தான் பேசினாள், பேச்செல்லாம் மெசேஜில். இதை எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது என்று தோன்றியபோதுதான் எந்த ஆப் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

எஸ்எம்எஸ்ஸில் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை, போன் கம்பெனி நினைத்தால் படித்துவிடலாம். வாட்ஸ்அப் 2016லேயே எல்லா உரையாடலுக்கும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர, நடுவில் இருக்கும் கம்பெனிகூடப் படிக்க முடியாதபடி பூட்டுவது) கொண்டுவந்துவிட்டது, அதுவும் சிக்னல் ஆட்கள் உருவாக்கிய அதே முறையை வைத்து, அதனால் செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரத்தை அந்த என்கிரிப்ஷன் மறைக்காது, கிளவுட் பேக்கப்புக்கும் நாமே செட்டிங்ஸில் போய்ப் பூட்டுப் போட வேண்டும். டெலிகிராமைப் பற்றித்தான் நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். அதில் 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் எண்ட்-டு-எண்ட், சாதாரண சாட்டுக்கும் குரூப்புக்கும் அது கிடையாது.

சிக்னலில் எல்லாமே முதல் மெசேஜிலிருந்தே பூட்டித்தான் போகிறது. லாபநோக்கில்லாத ஓர் அறக்கட்டளை நடத்துகிறது, விளம்பரம் இல்லை, புரோகிராம் எழுதத் தெரிந்த யாரும் அந்த ஆப்பின் சோர்ஸ் கோடை (source code) படித்துப் பார்க்கலாம். எனக்கு முழு நம்பிக்கை வந்தது 2016ல் அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைப் படித்த பிறகு. கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு) சிக்னலுக்குச் சம்மன் அனுப்பிப் பயனர் விவரம் கேட்டபோது, கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு இணைந்தது என்ற இரண்டு தகவலைத்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. அவர்களிடம் இருந்ததே அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு பார்த்துச் செய்தும் எங்கள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தேன், அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது, பூட்டிய திரையிலேயே அவள் பெயரும் 'பயாப்சி ரிசல்ட் நாளைக்கு' என்ற வரியும் பளிச்சென்று தெரிந்தது, பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றிருந்தது. என்கிரிப்ஷன் வழியில் போகிற மெசேஜைத்தான் காக்கும், நம் திரைக்கு வந்து சேர்ந்த பிறகு அது நம் பொறுப்பு. அதனால் ஆப் போட்டதும் முதல் வேலையாக நோட்டிபிகேஷன் செட்டிங்கில் போய், பெயரும் வேண்டாம் செய்தியும் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரீன் லாக்கையும் ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் இணைத்திருந்தால் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலை அவ்வப்போது பாருங்கள், நீங்கள் மறந்துபோன பழைய லேப்டாப் ஏதாவது இன்னும் அதில் இருக்கலாம்.

இன்னொன்று, சேஃப்டி நம்பர். ஒவ்வொரு நபரோடும் உங்களுக்கு 60 இலக்க எண் ஒன்று இருக்கும், ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதி. நேரில் பார்த்தால் க்யூஆர் ஸ்கேன் போதும். நாங்கள் போனில் பேசிக்கொண்டே, அவள் ஒரு தொகுதி நான் ஒரு தொகுதி என்று மாற்றி மாற்றிப் படித்துச் சரிபார்த்தோம், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் அதே எண் என்றால் நடுவில் யாரும் நுழையவில்லை என்று அர்த்தம். திடீரென்று எண் மாறிவிட்டது என்று அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் அவர் போன் மாற்றியிருப்பார், இருந்தாலும் ஒரு கால் போட்டுக் கேட்டுவிடுவேன்.

மறையும் மெசேஜ் வசதியை ஒரு வாரத்துக்கு வைத்திருக்கிறோம், நாலு வாரம் வரை வைக்கலாம். நல்ல வசதிதான், ஆனால் எதிரில் இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையோ இன்னொரு போனில் படம் பிடிப்பதையோ இது தடுக்காது. நம்பிக்கை இல்லாத ஆளிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு டைமரை நம்பாதீர்கள்.

குறைகள் இருக்கின்றன. கணக்குத் தொடங்க இன்னும் போன் நம்பர் கட்டாயம், 2024ல் யூசர்நேம் வந்ததால் புதியவர்களிடம் நம்பரைக் கொடுக்காமல் பேச முடிகிறது, அந்த அளவுக்கு நிம்மதி. ஆண்ட்ராய்டில் முன்பு எஸ்எம்எஸ்ஸும் இதிலேயே வந்துகொண்டிருந்தது, அதை எடுத்துவிடுவதாக 2022ல் அறிவித்தது சாதாரண ஆட்களை இதற்குள் கொண்டுவருவதைக் கடினமாக்கிவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பேக்கப்பை நீங்களே ஆன் செய்யாமல் போனைத் தொலைத்தால் பழைய மெசேஜ் எதுவும் திரும்பாது, கம்பெனியிடம் கேட்டாலும் அவர்களால் படித்துத் தர முடியாது, அதுதான் இந்த ஏற்பாடே. அப்புறம் 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்' கட்டாயம் போடுங்கள், யாராவது உங்கள் நம்பருக்கு வேறு சிம் வாங்கிவிட்டாலும் நீங்கள் வைத்த PIN எண் இல்லாமல் உங்கள் கணக்கை எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் ஆள் சேர்ப்பது. நாம் மட்டும் போட்டு என்ன பயன்? நண்பர்களில் பாதிப் பேர் இன்னும் வரவில்லை. அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள், கட்டி சாதாரணக் கட்டிதான். அம்மாவும் சிக்னலுக்கு வந்துவிட்டார், அவர் போனில் நோட்டிபிகேஷனை மாற்றி வைத்தது நான்தான், எழுத்து அளவையும் பெரிதாக்கிக் கொடுத்தேன்.